தஞ்சாவூர் அரண்மனைக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கும்பகோணத்திலிருந்து இருபது பேரைத் திரட்டி, தஞ்சாவூர் அரண்மனையும் சிவகங்கைப் பூங்காவும் பார்க்கக் கிளம்புகிறான் அக்கா மகன். அவன் போட்டிருக்கும் திட்டம் அப்படியே நான் பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டது. தண்ணீர், குடை, மாத்திரையெல்லாம் அவனே எழுதிவிட்டான், அதை விட்டுவிடுகிறேன்.

வாய்ச்சொல்லை நம்பி வேன் பேசுவது

அன்றைக்கு 24 பேர் வருவதாகச் சொன்னார்கள். வாடகை, டீசல், டிரைவர் பேட்டா சேர்த்து 9,600 ரூபாய். தலைக்கு 400. "ஏறும்போது தந்துடறோம் தம்பி" என்றார்கள். சரி என்றேன். காலை ஆறரைக்கு மகாமகக் குளத்தருகே வேன் வந்து நின்றபோது இருந்தவர்கள் 15 பேர்.

ஆவணி ஞாயிறு, நல்ல முகூர்த்தம். காலண்டரைப் புரட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒருவருக்குப் போன் போட்டால் பின்னணியில் கெட்டிமேளம். "நீங்க போயிட்டு வாங்க" என்கிறார்! சீட் காலியாக இருந்தாலும் வேனுக்கு அதே 9,600தான். வந்தவர்களிடம் இன்னொரு 240 கேட்க வாய் வரவில்லை. 3,600 என் பையிலிருந்து போனது. வராத ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் மறுவாரம், "போட்டோ அனுப்பலையே?" என்றார். இப்போது நினைத்தாலும் எரிகிறது.

அப்புறம் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முதலில் பஞ்சாங்கம். நடவும் அறுப்பும் மும்முரமாக இருக்கும் வாரங்களையும் ஒதுக்கிவிடுவேன். பாதிப் பணம் கைக்கு வந்தால்தான் பெயர் எழுதுவேன்; பெயர்களை எண்ணிய பிறகுதான் எத்தனை சீட் வேன் என்று பேசுவேன். சொந்தக்காரர்தானே என்று யாருக்கும் தள்ளுபடி கிடையாது, மாமாவானாலும் சரி.

அரண்மனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது

நாயக்கர்கள் கட்டி, 1855 வரை மராட்டியர் இருந்த இடம். தர்பார் மண்டபத்தின் வண்ணத் தூண்கள், கலைக்கூடத்தின் சோழர் காலச் செப்புத் திருமேனிகள், மேலே ஒரு திமிங்கில எலும்புக்கூடு. பிள்ளைகள் எலும்புக்கூட்டை விட்டு நகர மாட்டார்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாம் பார்த்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம்.

சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடியைப் புரட்டிப் பார்க்கலாம் என நினைப்பது

அரண்மனை வளாகத்திலேயே இருக்கும் பழைய நூலகம் இது; நமக்கு அதன் அருங்காட்சியகம் மட்டும்தான். அங்கே மனித முகத்தையும் மிருக முகத்தையும் அருகருகே வைத்து வரைந்த படங்கள் இருக்கும். எங்கள் கூட்டத்தில் பெரியப்பா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் சம்பந்தியை அடையாளம் கண்டுபிடித்தார்.

பெரிய கோயிலை மதியத்துக்கு வைப்பது

நடை சாத்தியிருக்கும்.

கட்டுச்சாதத்தில் தயிர்சாதம் மட்டும் கொண்டுபோவது

வேன் வெயிலில் நிற்கும். மதியத்துக்குள் புளித்துவிடும். புளியோதரை கட்டுங்கள்.

பூங்காவில் மரத்தையும் குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது

பக்கத்திலேயே 1779இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. நான் மூன்றாவது முறை போனபோதுதான் பார்த்தேன், அதுவும் காணாமல்போன ஒரு பையனைத் தேடிப் போய்.