ஆட்-ஆன் போட்டதும் லைட்ரூம் படுத்துக்கொண்டால்: செய்யக் கூடாதவை

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் வீட்டில் ஆடி, மலையாளி வீட்டில் கர்க்கடகம், மாசம் ஒன்றுதான். செக்போஸ்டுக்கு இரண்டு பக்கமும் முகூர்த்தம் இருக்காது. கம்ப்யூட்டரில் புதுசாக எதையாவது ஏற்றிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் யாரும் அப்போது செய்வதில்லை. ஆவணி பிறந்து, முதல் கல்யாணப் படங்களைக் கொட்டி, ஆல்பம் எப்போ என்று பெண் வீட்டார் போன் போட ஆரம்பித்த பிறகுதான் லைட்ரூமில் கூடுதல் வசதி சேர்க்கும் புது ஆட்-ஆன் மேல் ஆசை வரும். போட்ட கையோடு, படங்களை அடுக்கித் திருத்தும் அந்த லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேர் திறக்காது, அல்லது திறந்து பாதியில் மூடிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். லைட்ரூம் கிளாசிக் படத்தைத் தனக்குள் வாங்கி வைப்பதில்லை. படம் ஹார்டு டிஸ்கில் போட்ட இடத்திலேயே கிடக்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது, எதில் என்ன திருத்தம் செய்தோம் என்பதெல்லாம் கேட்டலாக் என்ற கோப்பில் இருக்கும், கடையின் கணக்கு நோட்டு மாதிரி. பெரிய நஷ்டம் வருவது அடுத்த அரை மணி நேரத்தில் நம் கை செய்யும் வேலையால்.

முதலில் எல்லோரும் செய்வது, லைட்ரூமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது. நெட் மெதுவாக இருக்கும் ஊரில் இதற்கே பாதி நாள் போய்விடும், பலனும் இருக்காது. எந்தெந்த ஆட்-ஆன் சேர்த்திருக்கிறோம் என்ற குறிப்பு, நம் செட்டிங்குகளை வைத்திருக்கும் பிரிஃபரன்ஸ் கோப்பில் இருக்கிறது. சில ஆட்-ஆன்கள் மாட்யூல்ஸ் என்ற தனி ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். லைட்ரூமை அழித்தாலும் இவை பெரும்பாலும் அழியாது. புதுசாக ஏற்றிய லைட்ரூம் பழைய ஆட்-ஆனையே தேடிப் போய் எடுத்துக்கொண்டு, மறுபடி படுக்கும்.

அதைவிட எளிய வழி: லைட்ரூம் திறக்கிறது என்றால் ஃபைல் மெனுவில் பிளக்-இன் மேனேஜருக்கு (ஆட்-ஆனைத்தான் லைட்ரூம் பிளக்-இன் என்கிறது) போய், கடைசியாகப் போட்டதை மட்டும் டிசேபிள் செய்யுங்கள். திறக்கவே இல்லை என்றால் அந்த ஆட்-ஆன் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். ஆட்-ஆனைக் காணோம் என்று மேனேஜரில் காட்டும். காட்டட்டும், அங்கிருந்தே நீக்கிவிடலாம்.

இப்போது நான் அதிகம் பயப்படும் தவறுக்கு வருகிறேன். லைட்ரூம் ஓடும்போது கேட்டலாக் பக்கத்திலேயே சில துணைக் கோப்புகள் தோன்றும். அவற்றில் ஒன்று 'லாக்' (lock) என்று முடியும், இன்னொன்று 'டபிள்யூஏஎல்' (wal) என்று முடியும். ஒழுங்காக மூடினால் இரண்டும் தானாக மறையும். கிராஷ் ஆனால் அப்படியே நிற்கும். 'கேட்டலாக் ஏற்கெனவே திறந்திருக்கிறது' என்று லைட்ரூம் அடம் பிடிக்கும்போது லாக் கோப்பை அழிக்கலாம், அதுவும் டாஸ்க் மேனேஜரில் லைட்ரூம் ஓடவில்லை என்று பார்த்த பிறகு. டபிள்யூஏஎல் கோப்பைத் தொடவே கூடாது. கேட்டலாக்கில் இன்னும் எழுதி முடிக்காத கடைசி வேலை அதில்தான் இருக்கும். லாக்கை அழி என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டையும் சேர்த்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்பவர்கள் உண்டு. அன்றைய வேலை அதோடு போகலாம். அதனால் எதில் கை வைக்கும் முன்பும் கேட்டலாக் ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள், லைட்ரூம் மூடியிருக்கும்போது.

அவசரப்பட்டுப் பழைய பேக்கப்பைத் தூக்கி வைப்பதும் வேண்டாம். பேக்கப் வேண்டுமா என்று லைட்ரூம் கேட்பது ஒழுங்காக மூடும்போதுதான். கிராஷ் ஆகும்போது கேட்காது. 'இப்போ வேண்டாம்' என்றே அமுக்கிப் பழகியவர்களின் கடைசி பேக்கப் எந்தக் காலத்தியதோ! அதில் கேட்டலாக் மட்டும்தான் இருக்கும், படம் இருக்காது. நாமாக மாற்றாவிட்டால் அதுவும் கேட்டலாக் இருக்கும் அதே டிஸ்கிலேயே கிடக்கும்.

குற்றம் கேட்டலாக்கிலா, ஆட்-ஆனிலா என்று பிரித்துப் பார்க்க விண்டோஸில் கன்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கொண்டே லைட்ரூமைத் திறக்க வேண்டும். எந்தக் கேட்டலாக் என்று கேட்கும். வெறும் கேட்டலாக் ஒன்றைப் புதிதாக உருவாக்குங்கள். அதிலும் கிராஷ் ஆனால் உங்கள் கேட்டலாக் மேல் சந்தேகம் வேண்டாம். ஆட்-ஆன், பிரிஃபரன்ஸ், கிராஃபிக்ஸ் டிரைவர் என்று தேடுங்கள். வெறும் கேட்டலாக் நன்றாக ஓடினால், பழையதைத் திறக்கும்போது அதே பெட்டியில் கேட்டலாக்கைச் சோதிக்கும் டிக் ஒன்று இருக்கும், அதைப் போட்டுத் திறக்கலாம்.

ஆட்-ஆன் போடும் விதத்திலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். ஜிப்பைப் பிரிக்காமலே சேர்ப்பார்கள். டவுன்லோட்ஸிலோ பென் டிரைவிலோ வைத்தபடியே சேர்ப்பார்கள். மேனேஜர் அதைக் காப்பி எடுத்துக்கொள்ளாது, இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பென் டிரைவைப் பிடுங்கினால் ஆட்-ஆனும் போச்சு. தமிழிலோ மலையாளத்திலோ பெயர் வைத்த ஃபோல்டரில் சில பழைய ஆட்-ஆன்கள் தடுமாறும். அதற்கென்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்துவிடுவது நல்லது. நண்பர் கொடுத்த கிராக் பிரதியைப் பற்றி என்ன சொல்ல? அதன் பாதிக் கோப்புகளை ஆன்டிவைரஸ் தூக்கியிருக்கும், மீதியில் என்ன ஒளிந்திருக்கிறதோ. கல்யாண வீட்டுப் படம் இருக்கும் மெஷினில் அது வேண்டாம்.

பிரிஃபரன்ஸை ரீசெட் செய்வதைக் கடைசிக்கு வையுங்கள். ஷிஃப்ட், ஆல்ட் இரண்டையும் அமுக்கிக்கொண்டு திறந்தால் கேட்கும். படமோ திருத்தமோ போகாது, ஆனால் நீங்கள் பழகி வைத்த செட்டிங்குகள் போகும்.

அதற்கும் அசையாவிட்டால் ஆட்-ஆன் தயாரித்தவருக்கு எழுதுங்கள். 'வேலை செய்யல' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. லைட்ரூம் வெர்ஷன், ஆட்-ஆன் வெர்ஷன், விண்டோஸ் வெர்ஷன் மூன்றையும் குறிப்பிடுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கிராஷ் ஆன நேரத்துக்கு நேரே, தவறிய மாட்யூலின், அதாவது கிராஷ் ஆன இடத்தில் இருந்த கோப்பின், பெயர் இருக்கும், அதையும் சேருங்கள். அந்தப் பெயர் கிராஃபிக்ஸ் டிரைவருடையதாக இருந்தால் ஆட்-ஆன்காரரை விட்டுவிட்டு டிரைவரை அப்டேட் செய்யலாம். அதுவரைக்கும் லைட்ரூமின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராஃபிக்ஸ் பிராசசரை ஆஃப் செய்து வைத்து வேலையைத் தொடரலாம். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.