செலினியம் ஸ்பிரே பண்றதுக்கு முன்னாடி அது பயிருக்குள்ள எப்படி போகுதுன்னு பாத்துக்கோங்க

செலினியம் மனுஷனுக்கும் மாட்டுக்கும் ரொம்ப கொஞ்சமா வேணுங்கற நுண்சத்து, அத தானியத்துல ஏத்தத் தான் பயிருக்கு குடுக்குறாங்க. அத பத்தி கேக்குறவங்க எல்லாரும் நேரா டோஸ் எவ்ளோன்னு தான் ஆரம்பிக்கிறாங்க. மொதல்ல மண்ணு, பாசன தண்ணி ரெண்டையும் டெஸ்ட்டுக்கு குடுங்க, இதுல நான் விட்டே குடுக்க மாட்டேன். பஞ்சாப்ல நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்கள்ல மண்ணுலயே செலினியம் ஓவர், கோதுமை இலை வெள்ளை வெளேர்னு வெளுத்துடும், அந்த தீவனத்த தின்ன மாடு எருமைக்கு குளம்பு வெடிச்சு கழண்டு வால் முடியும் கொட்டுது. பின்லாந்துல நேர் எதிர், விளையிற பயிர்ல செலினியம் போதவே இல்லன்னு 1984ல முடிவெடுத்து உரத்துலயே சோடியம் செலினேட்ங்கற செலினியம் உப்ப கலக்க ஆரம்பிச்சாங்க, தானியப் பயிர் உரத்துக்கு கிலோவுக்கு 16 மில்லிகிராம் செலினியம், 1990ல அத 6 ஆ குறைச்சு, 1998ல 10 ஆ ஏத்துனாங்க. ஒரு நாடே அளந்து அளந்து தான் போட்டிருக்கு.

இப்ப வேருக்கு வருவோம். செலினியத்துக்குன்னு தனி வழி எதுவும் வேர்ல கிடையாது, காத்தோட்டமான காரத்தன்மை மண்ணுல அது செலினேட்ங்கற வடிவத்துல இருக்கும், சல்பேட் (பயிர் எடுக்கற கந்தக வடிவம்) போற வழியிலயே உள்ள நுழைஞ்சு, வேர்ல இருந்து தண்ணி ஏத்துற சைலம் குழாய் வழியா வேகமா இலைக்கு ஏறிடும். தண்ணி கட்டி நிக்கிற நெல் வயல்ல கதை வேற, அங்க பெரும்பாலும் செலினைட்ங்கற இன்னொரு வடிவமா மாறிடும், இது பாஸ்பேட் போற வழியிலயும் நெல்லுல சிலிக்கான் போற வழியிலயும் நுழையும், ஆனா மண்ணுல இரும்பு ஆக்சைடு அதுல ஒரு பகுதிய புடிச்சு வச்சுக்கும், உள்ள போனதும் வேர்லயே செலினோமெத்தியோனின் (செலினியம் சேந்த அமினோ அமிலம்) மாதிரி கரிமப் பொருளா மாறி அங்கயே நிறைய தங்கிடும். அதனால நெல்லுக்கு மண்ணுல போடுறத விட இலையில அடிக்கிறது தான் என் சாய்ஸ்.

இலைக்கு போன செலினேட்ட பயிர் கந்தகம்னு நெனச்சு அமினோ அமிலமா மாத்தும், அப்புறம் இலையில இருந்து சத்த கொண்டு போற ஃப்ளோயம் குழாய் வழியா தானிய மணிக்கு போகும். கதிர் வெளிய வர்ற நேரம் தொட்டு பால் பிடிக்கிற வரைக்கும் இந்த ஓட்டம் நல்லா இருக்கும், ஸ்பிரே அப்ப தான் அடிக்கணும், முத்துன பிறகு அடிச்சா வேஸ்ட்.

டோஸ் கோதுமைக்கு ஹெக்டேருக்கு 10 கிராம் செலினியம், ஏக்கருக்கு 4 கிராம். இங்க தான் நிறைய பேர் தப்பா கணக்கு போடுறாங்க, அது உப்போட எடை இல்ல. நீரில்லாத சோடியம் செலினேட்ல 42 சதவீதம் கிட்ட தான் செலினியம், ஸோ ஏக்கருக்கு 10 கிராம் உப்பு கிட்ட வரும், பத்து நீர் மூலக்கூறு இருக்கற வகைன்னா 21 சதவீதம் தான், டபுளா வேணும். டப்பா லேபிள படிங்க, கிராம் தராசுல அளங்க. இது கடும் விஷம், கையுறை மாஸ்க் இல்லாம தொடவே கூடாது, மனுஷனுக்கு ஒரு நாளைக்கு தேவையே 55 மைக்ரோகிராம், 400 தாண்டக்கூடாது. கொஞ்சம் தண்ணில மொதல்ல கரைச்சு அப்புறம் டேங்க்ல ஊத்தி ஒட்டும் திரவம் சேத்து, காத்து இல்லாத சாயங்காலமா இலை நனையிற மாதிரி அடிங்க. மண்ணுல போடுறவங்க ஜிப்சத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கவனிக்கணும், ரெண்டுலயும் கந்தகம் இருக்கு, செலினேட்டோட போட்டி போட்டு உள்ள போறத குறைச்சிடும்.

இதே போட்டிய பஞ்சாப் மாதிரி ஓவரா இருக்கற வயல்ல நமக்கு சாதகமா யூஸ் பண்ணலாம், அங்க ஜிப்சம் போட்டா பயிர் எடுக்கற செலினியம் நல்லாவே குறையுது, தண்ணியிலயும் செலினியம் இருந்தா நெல்ல விட்டுட்டு கம்மி தண்ணி பயிருக்கு போறது நல்லது, ஒவ்வொரு பாசனமும் இன்னும் கொஞ்சம் கொண்டு வந்து சேக்குது.

அறுவடைக்கு அப்புறம் மணிய மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு நிறுத்திடாதீங்க, வைக்கோலையும் அனுப்புங்க, இலையில தங்குனது எல்லாம் அதுல தான் இருக்கும், மாடு திங்கப்போறதும் அதத்தான்.