135 கிலோஹெர்ட்ஸில் கத்தும் வௌவால் 115-இல் தெரிந்தால்

மதுரை அருகே கீழக்குயில்குடிப் பாறைப் பொந்து, வயல், தென்னந்தோப்பு மூன்றிலும் வௌவால் ஒலியைப் பதிய ஆடியோமோத் என்ற சிறு ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டினேன். பொந்து வாசல் பதிவின் அதிர்வெண் படத்தில் 115 கிலோஹெர்ட்ஸில் ஒரே சீராக ஒரு கோடு விழுந்தது. அது பொய்க் கோடு. பதிவு வேகம் (நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) 250 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி, 125 வரைதான் சரியாகப் பதியும். அதைத் தாண்டிய இலைமூக்கு வௌவாலின் 135 கீழே மடிந்து, 250-இல் 135 போக, 115 ஆகிவிடும். வேகத்தை 384 ஆக்கியதும் கோடு 135-இல் நின்றது.

இப்போது பதிவு நிமிடத்துக்கு 46 எம்பி பிடிக்கிறது. 32 ஜிபி கார்டு பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் 1 நிமிடம் பதிவு, 4 நிமிடம் ஓய்வு.

மழைக்குப் பிளாஸ்டிக் பை சுற்றினால் மைக்குக்கு நேரே திறப்பு வேண்டும். பை மீயொலியை (நம் காதுக்கு எட்டாத உயர் ஒலியை) அமுக்கும்.

முக்கியமாக, 135 கிலோஹெர்ட்ஸ் ஒலி காற்றில் சீக்கிரம் தேயும். வயல் நடுவே பதியவில்லை என்பதால் அங்கே வௌவால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வரப்பு மரத்தருகே இன்னொரு கருவி வையுங்கள்.