ஐஸ் பாருக்கு நடுவில் வெள்ளை

58 வயதில் என் முதல் சிறுவர் புத்தகம் அச்சாகி வந்தது. உழைப்பாளி எறும்பு, சோம்பேறி அணில். காசிமேட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒருவன் பம்பரம் விடப் போய்விட்டான். மிச்சமிருந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, நீ ஐஸ் கம்பெனில வேல செஞ்சியாமே, ஐஸ் பாருக்கு நடுவுல மட்டும் இன்னாத்துக்கு வெள்ளையா கீது?"

சொன்னேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்களை இறக்குவோம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனாலும் உப்புத் தண்ணீர் உறையாது, கேனில் இருப்பது உறையும். அதுவும் ஓரத்திலிருந்து உள்நோக்கி. தண்ணீரில் கரைந்திருந்த காற்று ஒதுங்கி ஒதுங்கிப் போய்க் கடைசியில் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்தக் குமிழிகள்தான் வெள்ளை. பம்பரக்காரன் எப்போது திரும்பி வந்தான் என்று தெரியவில்லை.

பல வேலை பார்த்துவிட்டு எழுத வருகிறவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். கைக்குத் தெரிந்ததை வீட்டில் வைத்துவிட்டு அறிவுரையை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறோம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்பில் வெல்டிங் வைத்தவர், துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்தவர், எம்.சி. ரோட்டில் துணி விற்றவர், எல்லோரும் பேனாவை எடுத்ததும் "ஒரு காட்டில் ஒரு சிங்கம்" என்றுதான் ஆரம்பிக்கிறோம். நமக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பேச்சு விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்கல். "இன்னா" என்று சொல்லும் பிள்ளையை "என்ன தாத்தா" என்று பேசவைத்தால் அது எங்கள் தெருப் பிள்ளையே இல்லை. அதற்காக வடசென்னைத் தமிழ் பேசுகிறவனை எல்லாம் ரவுடியாகவோ கோமாளியாகவோ ஆக்குவது அதைவிட மோசம். சினிமா செய்தது போதும்.

படப் புத்தகம் என்றால் படம் காட்டுவதை மறுபடி எழுதாதீர்கள். சிவப்புச் சட்டை படத்தில் இருக்கிறது, வரியில் எதற்கு? அச்சுத்தாளை மடிக்கும் கணக்கில் இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். தாள்களை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்து பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று தானே தெரியும்.

அப்புறம் அவசரம். அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் முதல் புத்தகம் 1932இல், 65 வயதில் வந்தது என்று நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். அதற்கு இருபது வருடம் முன்பிருந்தே அவர் விவசாயப் பத்திரிகையில் எழுதிப் பழகியவர் என்பதைச் சொல்ல மாட்டார்கள். துளிர் போன்ற சிறுவர் இதழுக்கு முதலில் இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

பணம் கட்டினால் புத்தகம் போடுகிறேன் என்ற ஒருவரிடம் நேராகப் போனேன். புத்தகத்துக்கு அடையாளமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். இந்தியாவில் அது இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. விற்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்கவே தோன்றவில்லை. 500 பிரதியும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கின. விருந்தாளி யார் வந்தாலும் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். பரணில் இன்னும் முந்நூறுக்கு மேல் இருக்கிறது.