இரண்டு நாள் நகரப் பயணமும் சர்க்கரை நோயும்: வெளியில் சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டில் சர்க்கரை அளவை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருக்கும் பலர், இரண்டு மூன்று நாள் வேறொரு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் மனம் சோர்ந்துபோகிறார்கள். இனிப்பைத் தொடவே இல்லை, ஆனாலும் காலையில் 110 காட்டிய மீட்டர் இரவில் 280 காட்டியது என்பார்கள். அதே நபருக்கு மறுநாள் பிற்பகலில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியிருக்கும். வீட்டில் நம்மைக் காப்பாற்றுவது உணவுக் கட்டுப்பாடு மட்டுமல்ல. ஒரே நேரத்தில் எழுவதும், ஒரே நேரத்தில் மருந்து எடுப்பதும், ஏறக்குறைய ஒரே அளவு நடப்பதும், பசி வரும் நேரத்தில் சாப்பாடு தயாராக இருப்பதும் சேர்ந்துதான் அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கி நிற்கின்றன. பயணத்தில் இவை எல்லாமே முதல் நாளிலேயே கலைந்துவிடுகின்றன. ஆகவே எதைச் சாப்பிடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்போது சாப்பிடப் போகிறோம், அதற்குள் எவ்வளவு நடந்திருப்போம், மருந்தை எந்த நேரத்தில் எடுப்போம் என்பதை யோசிக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இன்சுலினோடு பயணம் செய்துவரும் என்னுடைய உறுதியான கருத்து.

உங்கள் மருந்தின் குணம்

சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது நீங்கள் எடுக்கும் மருந்தைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் நிலைமை வேறு. இந்த மருந்துகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், நாள் முழுக்க நடக்கும்போது உடலில் நீர் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாந்தி வந்து எதையும் சாப்பிட முடியாமல் போனால் அவற்றைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். செமாகுளுடைடு போன்ற ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பெரிய விருந்துச் சாப்பாடு குமட்டலில் முடியலாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, சாப்பாடு தள்ளிப்போனால் எந்த மருந்தைத் தள்ளிப்போடலாம், அதிகம் நடக்கும் நாளில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா, குறைத்தால் எவ்வளவு என்று கேட்டு, விடைகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் போவதானால் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எந்த மணிக்குப் போடுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அந்த அளவுகளை நானோ, உங்களோடு வரும் நண்பரோ சொல்ல முடியாது.

மருந்து, ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் தேவைப்படும் அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, கைப்பையிலேயே வைத்திருங்கள். விமானத்தின் அடிப்பகுதியில் போகும் பெட்டியில் இன்சுலினை வைத்தால் அது உறைந்துபோக வாய்ப்பு உண்டு. உறைந்த இன்சுலின் பழைய நிலைக்குத் திரும்பினாலும் பயன்படாது. விடுதி அறையின் சின்னக் குளிர்பெட்டியிலும் உறைநிலைத் தட்டுக்கு அருகே வைக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பொதுவாக நான்கு வாரம் வரை, 30 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் அதை ஒருபோதும் விட்டுச் செல்லக் கூடாது.

சாப்பாடு மேசைக்கு வரும்வரை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நகரத்தில், கூட்டம் நிறைந்த ஓர் உணவகத்தில், சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, உடனே வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொண்டேன். தட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கண் மங்கி, எதிரே இருந்தவர் பேசுவது காதில் விழாத நிலைக்குப் போயிருந்தேன்; மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை அவர்தான் கிழித்து என் வாயில் போட்டார். அன்றிலிருந்து, தட்டு கண்ணெதிரே வந்த பிறகுதான் ஊசியை எடுக்கிறேன். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் போன்ற வேக இன்சுலின்கள் 10 முதல் 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், சற்றே பிந்திப் போட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான். முந்திப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய பழைய வகை ரெகுலர் இன்சுலினோ, அது கலந்த இன்சுலினோ பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். அவர்கள் கூட்டம் சேரும் நேரத்துக்கு முன்னதாகவே உணவகத்துக்குப் போவதும், முடிந்தால் இடத்தை முன்பதிவு செய்துவைப்பதும், சமையலறையிலிருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று பரிமாறுபவரிடம் நேரடியாகக் கேட்பதும் நல்லது. "எனக்குச் சர்க்கரை நோய், மருந்து எடுத்துவிட்டால் சாப்பாடு தாமதமாகக் கூடாது" என்று சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பேச்சு மொழி தெரியாத ஊருக்குப் போனால் இந்த ஒரு வாக்கியத்தை அந்த மொழியில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பல நகரங்களில் மதியத்துக்கும் இரவுக்கும் இடையே சமையலறைகளை மூடிவிடுவார்கள் என்பதையும் மனத்தில் வைத்து, அன்றைய சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, பார்க்க வேண்டிய இடங்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது

சர்க்கரையை ஏற்றுவதில் இனிப்பைவிடப் பெரிய பங்கு மாவுச்சத்துக்கு உண்டு. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 15 கிராம். உணவகத்தில் ஒருவருக்கென்று வைக்கும் சோறோ நூடுல்ஸோ, வீட்டில் நீங்கள் அளந்து சாப்பிடுவதைப்போல் இரண்டு மடங்காக இருப்பது சாதாரணம். கணக்குப் போட வசதியில்லாத இடத்தில் கண்ணளவே போதும்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதம், கால் பங்கு மட்டும் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு. பெரிய தட்டில் கால் பங்கும் பெரிதாகத்தான் இருக்கும் என்பதால், 23 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை மனத்தில் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் சாப்பிடுகிறோம் என்பதும் உதவும்: காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே உணவுக்கே சர்க்கரை குறைவாக ஏறுகிறது. சாப்பாடு வருமுன் மேசையில் வைக்கப்படும் ரொட்டிக் கூடையை நான் திருப்பி அனுப்பிவிடுவது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை இருக்கும் இடங்களையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். பளபளக்கும் கெட்டிச் சாஸ்கள், சாலட்டின்மேல் ஊற்றும் கலவைகள், சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கிய சூப்புகள், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி ஆகியவற்றைப் பெயரைப் பார்த்து எடைபோட முடியாது. சாஸைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள்; பொரிப்பதற்குப் பதிலாக வாட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதியிருக்கும் கேக்கிலும் மாவு இருக்கிறது.

கொழுப்பு நிறைந்த உணவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். பாலாடைக்கட்டி நிறைந்த பீட்சாவையோ எண்ணெயில் மிதக்கும் உணவையோ சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் ஏற்றம் நான்கைந்து மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது வருகிறது. அத்தகைய இரவு உணவுக்குப் பின் படுக்கும் முன்பும் ஒருமுறை பாருங்கள். அளவு அதிகமாக இருக்கிறதே என்ற பதற்றத்தில், முன்பு போட்ட வேக இன்சுலினின் வேலை முடிவதற்குள் இன்னொரு ஊசியைப் போட்டுவிடாதீர்கள்; அது சுமார் நான்கு மணி நேரம் உடலில் இருக்கும், இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும்.

விடுதியில் காலை உணவை நாமே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தால், தட்டைக் கையில் எடுக்காமல் எல்லா வகைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரே முறை பரிமாறிக்கொள்ளுங்கள். முட்டை, தயிர், காய்கறி, முழுப் பழம் இவற்றில் தொடங்கினால் முற்பகல் நன்றாகப் போகும்.

பானங்கள்

330 மில்லி சாதாரண கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. பழச்சாறும் அதற்குச் சளைத்ததல்ல. பழத்தைக் கடித்துச் சாப்பிடும்போது கிடைக்கும் நார்ச்சத்து அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. சர்க்கரை சேர்க்காத குளிர்பானம் வேண்டுமானால், கோப்பையில் ஊற்றித் தருவதைவிட மூடி திறக்காத பாட்டிலாகவே கேளுங்கள், எது வந்திருக்கிறது என்று நீங்களே படித்துவிடலாம்.

மது அருந்தும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மதுவைச் சிதைப்பதில் ஈடுபட்டிருக்கும் கல்லீரல், சர்க்கரை குறையும்போது புதிதாக அதைத் தயாரித்து விடும் வேலையைச் சரியாகச் செய்யாது. அதனால் இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு அன்றிரவும் மறுநாள் காலையிலும்கூடச் சர்க்கரை இறங்கலாம்; பார்ப்பவர்கள் அதைப் போதை என்றே நினைத்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது. உடன் வருபவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும்.

நடை, களைப்பு, சர்க்கரை இறங்குதல்

ஊர் சுற்றும் நாளில், வழக்கமாக நடக்கும் தூரத்தைப்போல் பல மடங்கு நடக்கிறோம். சாப்பாட்டுக்குப் பின் நடப்பது ஏற்றத்தை நன்றாகவே குறைக்கும். மதிய உணவு முடிந்ததும் நடந்து பார்க்கக்கூடிய இடத்தை வைத்துக்கொள்வது நல்ல திட்டம். ஆனால் நடையின் விளைவு அன்றைய இரவு வரை, சில சமயம் 24 மணி நேரம் வரை நீடிக்கும் என்பதால் இன்சுலின் போடுபவர்கள் படுக்கும் முன் பார்க்காமல் தூங்கக் கூடாது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல், திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். பயணத்தில் இவற்றை வெயில் களைப்பு என்றோ கால்வலி என்றோ தள்ளிவிடுவது மிக எளிது. சந்தேகம் வந்த உடனே நின்று பாருங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும் என்பதால் கையைக் கழுவிவிட்டுப் பாருங்கள். தோலில் ஒட்டும் சென்சார் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். அது காட்டுவதும் உங்கள் உடல் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் விரலில் குத்திப் பார்ப்பதே சரி. பார்க்க வழியே இல்லையென்றால், இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் வேகமான சர்க்கரை எடுக்க வேண்டும்: 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கு, அல்லது 150 மில்லி பழச்சாறு, அல்லது அதே அளவு சாதாரண குளிர்பானம். 15 நிமிடம் உட்கார்ந்திருந்து மறுபடி பார்த்து, இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் விரைவாக உதவாது, குளுக்கோஸ்தான் வேண்டும். அளவு ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கெட்டோ ஒரு சாண்ட்விச்சோ சாப்பிடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை உடன் வருபவரிடம் புறப்படும்போதே சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டில் புது மீட்டர் வாங்க நேர்ந்தால், அது 6, 8 என்று சிறிய எண்களைக் காட்டக்கூடும். சில நாடுகளில் மில்லிமோல் கணக்கில் அளக்கிறார்கள். அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் கணக்கு கிடைக்கும். 3.9 என்று காட்டினால் அது ஏறக்குறைய 70.

கடைசி நாளில் அறையைக் காலி செய்யும் அவசரத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வண்டியை எடுப்பவர்கள் உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கும் நீங்களே வண்டி ஓட்டுவதானால், புறப்படும் முன் ஒருமுறையும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 70-க்குக் கீழே போயிருந்தால், அளவு சரியான பிறகும் 45 நிமிடம் ஓட்டாமல் இருங்கள். மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும்.