மரணச் சகாயச் சங்கத்தில் ஒரு திராட்சைத் திருட்டு

மலேசியாவின் பினாங்கில் தமிழர் கூடி வாழும் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், மரணச் சகாயச் சங்கம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் சிறு சந்தா, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றே செயலாளர் கையால் ஒரு தொகை, பந்தலுக்கும் நாற்காலிக்கும் நான்கு ஆட்கள். இவ்வளவுதான் அதன் வேலை. இச்சங்கங்கள் பணம் இல்லாமல் நொடிப்பதைவிட ஆள் இல்லாமல் நொடிப்பதே அதிகம் என்பது, பன்னிரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் என் கணிப்பு. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சாவு வீட்டில் மட்டுமே பார்த்துக்கொள்ளும் ஒரு சங்கத்தில் இருபத்தைந்து வயதுப் பிள்ளை எதற்காகச் சேர வேண்டும்? எங்கள் சங்கம் இக்கேள்விக்கு விடையாக ஒரு திராட்சை அறுவடை விழாவை அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரியர்களிடமிருந்து இரவல் வாங்கியது. அந்த விழாவை நம் மண்டபத்தில் எப்படி நடத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் கதை. 1886இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹேசல்டன் என்னும் நிலக்கரி நகரில் பதின்மூன்று ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து வெர்ஹோவாய் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுரங்கத்தில் ஒருவன் இறந்தால் அவன் குடும்பத்துக்குக் கைகொடுக்க அப்போது சட்டம் இல்லை. அம்மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1915இல்தான் வந்தது. நம் நாட்டில் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு வழிவகுத்த சட்டம் 1969இல் வந்ததையும், அதற்கு முன் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் சாவுச் செலவை யார் சுமந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தப் பதின்மூன்று பேர் நமக்கு அந்நியர்களாகத் தோன்ற மாட்டார்கள். அச்சங்கம் 1955இல் ராகோட்சி உதவிச் சங்கத்தோடு இணைந்து, வில்லியம் பென் என்ற பெயரில் பெரிய சகோதரத்துவ அமைப்பாகியது. ஆனால் இத்தகைய அமைப்புகளைத் தலைமுறை தாண்டிக் கொண்டுவந்தது காப்பீட்டுத் தாள் மட்டுமன்று. கிளைகள்தோறும் நடந்த நடனங்கள், பௌலிங் போட்டிகள், பன்றிக்கொழுப்பைத் தணலில் வாட்டிச் சொட்டும் நெய்யை ரொட்டியில் பிடித்து உண்ணும் வெளிப்புற விருந்துகள், பெண்கள் கூடி உருட்டிய அக்ரூட் சுருள் ரொட்டிகள் ஆகியவையே ஆட்களைக் கட்டிப்போட்டன. 1848 புரட்சியை நினைக்கும் மார்ச் 15, 1956 எழுச்சியை நினைக்கும் அக்டோபர் 23 போன்ற நாள்களில் உரையும் கவிதையும் இருக்கும். மற்ற நாள்களில் சாப்பாடும் ஆட்டமும் இருக்கும்.

இவற்றுள் நமக்கு மிகவும் பொருந்துவது 'சூரெட்டி பால்' என்னும் திராட்சை அறுவடை நடனமாகும். மண்டபத்தின் கூரையில் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பந்தல்போலத் திராட்சைக் குலைகளைத் தொங்கவிடுவார்கள். ஆடுகிறவர்கள் யாரும் பாராத நேரத்தில் எட்டிப் பறிப்பார்கள். தோட்டக் காவலர் வேடமிட்டவர்கள் திருடனைப் பிடித்துத் தலைவர் முன் நிறுத்த, அவர் தண்டம் விதிக்க, தண்டப்பணம் சங்கத்துக்குப் போகும். அத்தலைவரைப் 'பீரோ' என்கிறார்கள். நம் காதில் அலமாரியாக விழுந்தாலும் அவர்கள் மொழியில் அது நீதிபதியைக் குறிக்கும்.

இதை நடத்த விரும்பும் சங்கம் விழாவுக்கு முன்பே தன் வீட்டைச் சீர்செய்துகொள்ள வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே அது சங்கமாகக் கருதப்படும். ஆகவே "நாங்கள் சின்னக் குழுதானே" என்று பதிவு செய்யாமல் மக்களிடம் பணம் வசூலிப்பது சிக்கலில் கொண்டுபோய் விடும். பதிவு பெற்ற சங்கமாயின், ஆண்டுக் கூட்டம் நடந்த அறுபது நாள்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். சகாயத் தொகை யாருக்கு, எத்தனை மாதச் சந்தாவுக்குப் பின், எந்த ஆவணத்தின்பேரில் தரப்படும் என்பது சங்க விதிகளில் எழுத்தாக இருக்க வேண்டும். விழாவில் சேரும் புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அப்போது செயலாளர் தலையைச் சொறியக் கூடாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் ஒருமுறை தவறினோம். அறுவடை விழாதானே என்று பொங்கலையொட்டி வைத்தோம். தைப்பூச விரதத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் இலையைப் பார்த்துவிட்டு மோர் மட்டும் குடித்தார்கள். இப்போது மலேசிய தினமான செப்டம்பர் 16ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அது பொது விடுமுறை; ஹங்கேரியர்களின் அறுவடைக் காலமும் அதுவே; எல்லாவற்றுக்கும் மேலாக, புரட்டாசி பிறப்பதற்குச் சற்று முன்னால் வருகிறது. ஒரு மாதம் சைவத்துக்குப் போகவிருக்கும் குடும்பங்களுக்குக் கடைசி ஆட்டிறைச்சிக் குழம்பு என்று சொல்லிப் பாருங்கள், அழைப்பிதழே தேவைப்படாது. அந்தப் பருவத்தில் பினாங்கில் மழை கனத்துப் பெய்யும் என்பதால் அடுப்பு வைக்கும் இடத்துக்குக் கூடாரம் கட்டாயம் வேண்டும்.

மண்டபத்தை மூன்று மாதம் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். மாநகராட்சி மண்டபமானாலும் பள்ளி மண்டபமானாலும், கூரைக் குழாயில் கயிறு கட்டலாமா, வெளியே தணல் மூட்டலாமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கட்டக் கூடாது என்றால் பந்தற்காரரிடம் சொல்லி நான்கு கால் நட்டு, அவற்றின்மேல் வலை விரித்துக்கொள்ளலாம். கயிறு, ஆடுகிறவர் கையை நன்றாக உயர்த்தினால் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். சிறுவர்களுக்காக ஒரு மூலையில் தாழ்வாகக் கட்டுங்கள்.

தொங்கவிடும் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் ஆண்டு திராட்சையை மாலை நான்கு மணிக்கே கட்டிவிட்டோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் எட்டு மணிக்குள் காம்பு தளர்ந்து, பழங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்புடவைகளின்மேல் விழத் தொடங்கின. அந்தச் சலவைச் செலவைப் பற்றி எங்கள் மகளிர் பிரிவுத் தலைவி இன்றும் பேசுகிறார். குளிரூட்டியில் வைத்திருந்த குலைகளை நன்றாகத் துடைத்து, ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது கட்டுவதே சரி. திராட்சை விலை கடிப்பதால் கால் பங்குக்கு மேல் அதை வைக்க வேண்டியதில்லை. மீதிக்கு வாழைச்சீப்பு, ரம்புத்தான் கொத்து, முறுக்குப் பொட்டலம், இடையிடையே மாவிலை என்று நிரப்பிவிடலாம். முறுக்குப் பொட்டலம் சரசரக்கும் என்பதால் திருடர்கள் உடனே அகப்படுவார்கள், வருமானம் அதில்தான்.

காவலர்களாக இளையோரையும், நீதிபதியாக ஊரில் எல்லாரும் மதிக்கும், ஆனால் சிரிக்கத் தெரிந்த ஒரு பெரியவரையும் நியமியுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். தண்டம் ஒரு வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஐந்து வெள்ளிக்குள் இருக்கட்டும். பணம் தர முடியாதவர் ஒரு பாட்டுப் பாடலாம், தேவாரமோ பழைய திரைப்பாட்டோ. இந்த மாற்றுவழியை முதலிலேயே அறிவித்துவிட்டால் கையில் காசில்லாதவர் கூனிக்குறுக நேராது. பெரியவர்களைப் பிடிக்கும் காவலன் "ஐயா, கொஞ்சம் வாங்க" என்று அழைத்துவர வேண்டும். எங்கள் காவலன் ஒருவன், தன் பெரியப்பா வயதுள்ளவரைத் தோளில் கைபோட்டு இழுத்துவந்து, அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் தலைவர் பழத்தட்டோடு போய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. தண்டம் செலுத்துவோர் ஒவ்வொருவருக்கும் சிறு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுங்கள். விளையாட்டுப் பணமானாலும் சங்கப் பணம்.

ஆட்டத்துக்கு வருவோம். ஹங்கேரியர்களின் 'சார்டாஷ்' நடனம் மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடித்து, கடைசியில் சுழற்சியாகிவிடும். கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் இதே நடை உண்டு என்பதால் நாம் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. முதலில் பெண்கள் கும்மி, பிறகு இருபாலாரும் கலந்த கோலாட்டம், கடைசியில் உறுமி என்ற வரிசை எங்களுக்கு நன்றாக அமைந்தது. உறுமியை முதலிலேயே விட்டால் இளைஞர்கள் அடங்க மாட்டார்கள். பாட்டிமார் ஓரமாய் ஒதுங்கிவிடுவார்கள். ஒலிபெருக்கியை இரவு பதினொரு மணிக்குமுன் நிறுத்திவிடுவது அக்கம்பக்கத்தாருக்கு நல்லது.

சாப்பாட்டில் பன்றிக்கொழுப்புக்கு இடமில்லை. பொது மண்டபத்தில் அதை எண்ணவே வேண்டாம். அந்த விருந்தின் சுவை கொழுப்பில் மட்டும் இல்லை, ஒவ்வொருவரும் தம் குச்சியைத் தாமே தணலில் திருப்பிக்கொண்டு கதைபேசும் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. ஆகவே மசாலா தடவிய கோழித்துண்டையோ சோளத்தையோ குச்சியில் கோத்துக் கொடுத்து, நெய் தடவிய பெங்காலி ரொட்டி, நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, தக்காளி ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். முழுச் சாப்பாட்டைச் சமையல்காரர் பார்த்துக்கொள்ளட்டும். பலகாரங்களை மட்டும் வாங்காதீர்கள். விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு வீட்டில் பெண்களும் ஆண்களும் கூடி முறுக்குப் பிழிவதே, என்னைக் கேட்டால், விழாவைவிட முக்கியமான நிகழ்ச்சி. புதிதாகக் குடிவந்த மருமகள்களுக்கு ஊர் அறிமுகமாவது அங்கேதான்.

நுழைவாயிலில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உறுப்பினர் சேர்க்கை மேசை ஒன்றைப் போடுங்கள், ஆனால் யாரையும் உள்ளே நுழையும்போது மடக்காதீர்கள். ஆட்டம் முடிந்து, வியர்வையோடு தண்ணீர் தேடி வரும் நேரத்தில், தண்ணீர்ப் பாட்டில்கள் அந்த மேசையில் இருக்கட்டும். படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது; வாரிசின் பெயரை எழுதும் இடம் தெளிவாக இருக்க வேண்டும். நிலுவைச் சந்தா வைத்திருக்கும் பழைய உறுப்பினர்களின் பட்டியலை அங்கே ஒட்டிவைக்க எங்கள் செயலவையில் ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளையாக அது நிறைவேறவில்லை.

தண்டப்பணத்தை அன்றிரவே, இருவர் முன்னிலையில், மேடையிலேயே எண்ணுங்கள். மொத்தத்தை ஒலிவாங்கியில் அறிவித்து, இருவரும் கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் வங்கியில் கட்டுங்கள். செலவுக் கணக்கு ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். மண்டப முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு, கூரையில் மறந்துபோன கயிறு ஏதும் தொங்குகிறதா என்று ஏணி வைத்துப் பார்த்துவிட்டுச் சாவியை ஒப்படையுங்கள்.