கிராபிக்ஸ் கார்ட் ஒப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்ப விடும் பிழைகள்

கிளிநொச்சியில் கம்பியூட்டர் பொருத்துவதும் திருத்துவதும்தான் என் வேலை. கார்ட் வாங்க முதல் என்னிடம் கேட்டு வருகிறவர்களை விட வாங்கிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். ஃபோனை நீட்டுவார்கள், அதில் இரண்டு கார்ட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அட்டவணை, கூடின எண்ணெல்லாம் பச்சை நிறத்தில். "அண்ணை, இதுதானே எல்லாத்திலயும் கூட?" என்பார்கள். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் நடந்த அதே பிழைகள் இன்றைக்கும் நடக்கின்றன. கேசுக்குள் நீளம் காணுமா, பவர் வயர் இருக்கிறதா என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதை விடுகிறேன்.

சோதித்த மெஷினைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்புவது

இதை நினைத்தால் இப்பவும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் மிஞ்சியிருக்கும் காசு.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தம்பி, கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்து பிரிமியர் என்ற மென்பொருளில் எடிற் பண்ணிக் கொடுப்பவர். மெஷினின் சிபியு, அதாவது மூளை, இன்டெல் ஐ5 10400எஃப். அவர் ஒப்பிட்டது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியையும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650ஐயும். இரண்டுமே 4 ஜிபி. முதலாவது 2022இல் வந்தது, மற்றது 2019. பூஸ்ட் வேகம் 2815 மெகாஹேர்ட்ஸ், மற்றதில் 1665. மெமரி பான்ட்வித், அதாவது கார்ட்டின் மெமரியில் தகவல் ஓடும் அளவு, செக்கனுக்கு 144 ஜிபி, மற்றதில் 128. எந்த வரியைப் பார்த்தாலும் 6500தான் முன்னுக்கு நின்றது. கொழும்புக்கு பஸ் ஏறிப் போய் அதையே வாங்கி வந்தார்.

பிறகு என்னிடம் மெஷினைக் கொண்டு வந்தார், வீடியோ ஏற்றுமதி (எடிற் பண்ணியதை முழு வீடியோவாக எடுப்பது) பழையபடி இழுபடுகிறது என்று. எக்ஸ்போர்ட் பக்கத்தைத் திறந்தால் ஹார்ட்வேர் என்கோடிங் (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் வேலையைக் கார்ட்டிடம் விடுவது) தெரிவு மங்கிக் கிடக்கிறது. டாஸ்க் மனேஜரில் சிபியு 100 வீதத்தில் நிற்கிறது, புதுக் கார்ட்டின் விசிறி சுற்றவேயில்லை. காரணம் எளிது: 6500 எக்ஸ்டியில் வீடியோவை என்கோட் பண்ணும் பகுதியே கிடையாது. 1650இல் இருக்கிறது. சாதாரண 10400 ஆக இருந்திருந்தால் இன்டெலின் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் அந்த வேலையைச் செய்திருக்கும், ஆனால் பெயரின் கடைசியில் எஃப் வந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஆக முழுப் பாரமும் சிபியுவின் தலையில். ஒப்பீட்டு அட்டவணையில் மெகாஹேர்ட்ஸ் இருந்தது, கேம் எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்) இருந்தது, என்கோடர் என்றொரு வரியே இருக்கவில்லை.

சரி, கேமுக்காவது உதவுமா? அங்கேயும் அந்த மெஷினில் முழுதாக உதவாது. 6500 எக்ஸ்டி போர்டில் கார்ட் செருகும் பெரிய பிசிஐஇ சொக்கெட்டில் பொருந்தினாலும் உள்ளே 4 லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே இணைத்திருக்கிறது. பிசிஐஇ 4.0 போர்டில் அந்த 4 லேன் செக்கனுக்கு ஏறக்குறைய 8 ஜிபி கொண்டு வரும். 10ஆம் தலைமுறை இன்டெலில் கிடைப்பது 3.0, அதில் அது 4 ஜிபியாகப் பாதிக்கு விழுகிறது. 1650க்கு 16 லேன், அதே 3.0இல் ஏறக்குறைய 16 ஜிபி. கார்ட்டின் 4 ஜிபிக்குள் கேம் அடங்கும் வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்தால் டெக்ஸ்ச்சர் (கேமின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் ராமில் இருந்து அந்த ஒடுங்கின வழியால்தான் வர வேண்டும், அப்போதுதான் படம் விக்கி விக்கி ஓடும். அட்டவணை போட்டவர்கள் சோதிப்பது பெரும்பாலும் 4.0 போர்டிலும் மேல்மட்ட சிபியுவிலும். அந்த எண் அவர்களுடைய மெஷினுக்கு உண்மை.

பெட்டி உடைத்தது என்று கடையில் திருப்பி எடுக்கவில்லை. நட்டத்துக்கு விற்றுத்தான் 1650 வாங்கினார், அதுவும் கலியாண சீசன் நடுவில்.

அதனால் கார்ட்டைப் பார்க்க முதல் உங்கள் சிபியுவின் பெயரைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொள்ளுங்கள். புதிய போர்ட்தானே என்றும் நம்ப வேண்டாம்: 4.0 தரும் பி550 போர்ட் போட்டாலும் ரைசன் 5600ஜி வைத்தால் கார்ட்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0தான். அப்புறம், செய்யப்போகிற வேலையைச் சொல்லித் தேடுங்கள். வீடியோ ஏற்றுமதிதான் உங்கள் தொழில் என்றால் கேம் எஃப்பிஎஸ் அட்டவணை உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

பெயர் ஒன்றென்றால் கார்ட்டும் ஒன்றென்று நினைப்பது

ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்ட் உண்டு, இரண்டிலும் 2 ஜிபி. 2017இல் வந்த ஜிடிடிஆர்5 வகை மெமரியுள்ள கார்ட்டின் பான்ட்வித் செக்கனுக்கு 48 ஜிபி. 2018இல் வந்த டிடிஆர்4 கார்ட்டுக்கு 17 ஜிபி கூட இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050உம் இப்படித்தான், 8 ஜிபி என்றால் 2560 கோர் (கணக்குப் போடும் சிறு பகுதிகள்), மெமரி வழியின் அகலம் 128 பிட்; 6 ஜிபி என்றால் 2304 கோர், 96 பிட். மெமரி மட்டும்தான் குறைவு என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜிபி கூடினால் வேகம் கூடும் என்று நம்புவது

இரணைமடுக் குளம் நிரம்பி நின்றாலும் துருசு (மதகு) திறந்த அளவுக்குத்தான் வயலுக்குத் தண்ணி வரும். ஜிபி என்பது குளம், பான்ட்வித்தான் துருசு. 4 ஜிபி ஜிடி 730ஐ 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050ஐ விட நல்லதென்று வாங்குகிற பெடியள் இன்னும் இருக்கிறார்கள், பார்க்கக் கவலையாக இருக்கிறது.

தலைமுறை தாண்டிக் கோர் எண்ணுவது

ஆர்டிஎக்ஸ் 3060இல் 3584 கோர், அடுத்த தலைமுறை 4060இல் 3072. கேம்களில் பெரும்பாலும் 4060தான் வேகம்.

சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பார்ப்பது

1 வீதத் தாழ்வு எண்ணையும், அதாவது மிக மெதுவாக வந்த 1 வீதப் படங்களின் வேகத்தையும், பாருங்கள். படம் விக்குவது அதில்தான் தெரியும்.

வொட்டைக் கடைசியில் பார்ப்பது

3060க்கு 170 வொட், 4060க்கு 115. எங்கள் பக்கம் கரண்ட் போய் வருகிற விதத்துக்கு யுபிஎஸ் இல்லாமல் எடிற் பண்ண முடியாது, 650 விஏ யுபிஎஸ் தாங்குவதோ 400 வொட்டுக்கும் குறைவு. தகரக் கூரைக்குக் கீழே, கிறவல் வீதித் தூசி விசிறியில் படிந்த கார்ட் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். குளிரூட்டிய அறையில் எடுத்த எண்ணை அங்கே எதிர்பார்க்க முடியாது.

பாவித்த கார்ட்டை ஸ்டிக்கரை நம்பி வாங்குவது

பழைய ஜிடிஎஸ் 450இன் பயோஸை, அதாவது கார்ட்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி 1050 டிஐ என்று விற்றார்கள். ஜிபியு-இசட் மென்பொருள் 2018இல் இருந்து இப்படியான கார்ட்டின் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டுகிறது, விற்கிறவர் முன்னாலேயே ஓட விட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (ஏஎம்டியில் கோருக்குள்ள பெயர்) 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது 570க்கு உள்ள அளவு, விலையையும் அந்தக் கணக்கில் பேசுங்கள்.